கழுத்தடியில் இருபது கிராம்

காட்கோபர் கிழக்கில், தமிழ் இளைஞர்களும் பெற்றோரும் கூடிய ஞாயிறு காலைக் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

லோக்கல் ரயில் முடங்குகிற மெகா பிளாக் நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அப்படியும் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"தைராய்டு பத்திப் பேசுங்க டாக்டர், கடைசியில எல்லாரையும் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லிடுங்க" என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லப்போவதில்லை. மெட்ரோ ஏறி அந்தேரிப் பக்கம் ஆபீஸ் போகிற பிள்ளைகளுக்குக் கம்பெனியே வருஷத்துக்கு ஒருமுறை 'ஃபுல் பாடி செக்கப்' செய்துவிடுகிறது. அறுபது எழுபது எண்கள் கொண்ட அறிக்கை போனுக்கு வந்து விழுகிறது. அதில் ஒரு எண் சிவப்பில் இருந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இங்கே காமராஜ் நகரில் வீட்டிலிருந்தபடி துணிக்கு மணி தைக்கிற பெண்ணுக்கு மாதவிலக்கு தாறுமாறாகி வருஷம் இரண்டாகியிருக்கும், கழுத்து லேசாகத் தடித்திருக்கும், ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்க மாட்டார்கள். தேவைப்படாதவருக்கு மறுபடி மறுபடி, தேவைப்படுகிறவருக்கு ஒருதரம்கூட இல்லை. நான் வழக்காடப்போவது இந்தக் கோணலைப் பற்றித்தான்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். கண்ணாடி முன் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, விழுங்கும்போது மேலேறி இறங்குகிற இடத்தில், மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கிறது தைராய்டு சுரப்பி. எடை பதினைந்து முதல் இருபது கிராம். உப்பிலும் மீனிலும் வருகிற அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் இருந்தால் டி4, மூன்று என்றால் டி3. இதயத் துடிப்பு, குடலின் அசைவு, உடம்புச் சூடு, மாதவிலக்கின் கணக்கு, மனசின் தெம்பு என்று இந்த ஹார்மோன் கை வைக்காத இடம் குறைவு.

அதை மேற்பார்வை பார்ப்பது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி. கட்டட வேலையில் மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். ஆள் சுணங்கினால் அவர் குரல் உயரும். வேலை ஓடினால் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். பிட்யூட்டரி போடுகிற அந்தச் சத்தம்தான் டிஎஸ்எச். அதனால் டிஎஸ்எச் கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவு; டிஎஸ்எச் தரைமட்டமாக இருந்தால் தைராய்டு மிகுதி. "எனக்கு டிஎஸ்எச் 12, தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு" என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது, ஜாஸ்தியானது மேஸ்திரியின் கத்தல், வேலை குறைந்துதான் போயிருக்கிறது என்று.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மும்பை, சென்னை, கோவா, தில்லி, கொல்கத்தா, அகமதாபாத், பெங்களூரு, ஹைதராபாத் என எட்டு ஊர்களில் 5,300-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். தைராய்டு குறைவு 10.95 சதவீதம் பேருக்கு இருந்தது. பெண்களில் 15.86, ஆண்களில் 5.02. நம்மைப் போன்ற கடற்கரை நகரங்களில் 9.45, உள்நாட்டு நகரங்களில் 11.73. இங்கே உட்கார்ந்திருக்கிற 18 முதல் 35 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 7.53. அதாவது நூறு இளைஞர்களில் ஏழெட்டுப் பேர். மொத்தத்தில் தைராய்டு குறைவு இருந்த அந்தப் பதினொரு சதவீதத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்கு, தங்களுக்கு அது இருப்பதே அந்தப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது.

தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. களைப்பு, முடி கொட்டல், மலச்சிக்கல், மறதி, எரிச்சல், கொஞ்சம் எடை கூடுதல். கல்யாண் ஃபாஸ்ட் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருகிற யாருக்கு இதெல்லாம் இல்லை? முடி கொட்டினால் "பம்பாய் தண்ணி ஒத்துக்கலை" என்கிறோம். காலையில் முகம் ஊதியிருந்தால் "ராத்திரி ஷிஃப்ட்" என்கிறோம். வாழ்க்கையே நோய் மாதிரி இருக்கிற ஊரில் நோய் ஒளிந்துகொள்ள வசதி அதிகம். எனவே நான் பார்ப்பது தனி அறிகுறியை அல்ல, கூட்டாக வருகிறதா என்பதை. மே மாதப் புழுக்கத்தில் எல்லோரும் வியர்த்து வழியும்போது ஒருத்தி மட்டும் ஃபேனைக் குறைக்கச் சொல்கிறாளா? மாதவிலக்கு முன்னைவிட அதிகமாகவும் நீளமாகவும் போகிறதா? குரல் தடித்திருக்கிறதா? தோல் வறண்டிருக்கிறதா? ஆறு மாதத்துக்கு முன்னால் இதெல்லாம் இல்லாமல் இருந்ததா? இதில் மூன்று நான்கு சேர்ந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பேன்.

எடை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு குறைவால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் நிறைய நீர்க்கோப்பு. இருபது கிலோ ஏறியிருந்தால் வடாபாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையை அக்காவின் புட்டியிலிருந்து எடுத்து விழுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிற வேலை அது.

பையன்களுக்கு இது வராது என்ற எண்ணமும் வேண்டாம். தைராய்டு மிகுதியில் எல்லாம் எதிர்த்திசை. நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, விரல் நடுக்கம், தூக்கமின்மை. வீட்டில் "ஜிம்முக்குப் போறான், இளைச்சுட்டான்" என்று பெருமைப்படுவார்கள். கண் பிதுங்கத் தொடங்கிய பிறகுதான் பயம் வரும். கிரேவ்ஸ் என்ற அந்த நோயில் கண் கெடுவதைச் சிகரெட்டும் பீடியும் வேகப்படுத்துகின்றன. இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். இந்த நோய்க்கு மாத்திரை உண்டு, கதிரியக்க அயோடின் உண்டு. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையை ஒட்டி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் 1963 முதல் இயங்குகிறது. அயோடின் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தைராய்டு மட்டுமே என்பதால், குடிக்கிற மருந்து நேரே அங்கே போய் வேலை செய்கிறது. "கரன்ட் வைக்கிறது" என்று ஊரில் சொல்கிற புற்றுநோய்ச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

அணு ஆராய்ச்சி மையம் என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் நிலமில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஆ. வேலுமணி அங்கே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, தைராய்டு குறித்தே முனைவர் பட்டம் வாங்கி, 1990-களின் நடுவில் வேலையை விட்டுவிட்டுப் பைகுல்லாவில் தைராய்டு பரிசோதனைக்கென்றே தைரோகேரைத் தொடங்கினார். ஒரே சோதனையை மொத்தமாக, பெரிய அளவில் செய்தால் விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. இறங்கியது. இன்றைக்கு டிஎஸ்எச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. நாடு முழுக்க எத்தனையோ பேருக்கு நோய் தெரிய வந்ததில் அந்த மலிவுக்குப் பங்கு உண்டு. அதே மலிவுதான், தேவையோ இல்லையோ எல்லாப் பேக்கேஜிலும் தைராய்டைச் சேர்த்துவிடும் பழக்கத்துக்கும் வழிவிட்டது. விலை குறைந்த பொருளைத் தேவையில்லாமல் வாங்குவது நமக்குப் புதிதல்லவே.

சரி, உப்புக்கு வருவோம். தூத்துக்குடிக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் நிறைந்த சபையில் உப்பைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

அயோடின் சேர்த்த உப்பு கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியாவில் அது எப்படி வந்தது என்று பாருங்கள். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை சர்வசாதாரணம். 1956-இல் மருத்துவ ஆய்வாளர் வு. ராமலிங்கஸ்வாமியும் கூட்டாளிகளும் லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் போன இடங்களில் கழலை கணிசமாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது இந்த வேலையின் பலத்தில்தான்.

இப்போது நம் கதை. 2018-19-இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். ஜம்மு காஷ்மீரில் 99.8. கடைசி இடம் யாருக்கு? தமிழ்நாட்டுக்கு, 61.9 சதவீதம். நாட்டுக்கே உப்பு அனுப்புகிற கரையில் இருக்கிறவர்கள் நாம். அளத்திலிருந்து நேரே வீட்டுக்கு வருகிற கல் உப்பில் அயோடின் ஏறுவதற்கு இடமே கிடைப்பதில்லை. ஊருக்குப் போய்விட்டு வரும்போது மூட்டையில் கருவாட்டோடு கல் உப்பும் ஏறுகிறது; குழம்புக்கு அதுதான் ருசி என்பார்கள். ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் சமையல் முழுவதும் அதிலேயே நடந்தால் அயோடின் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம் படித்த பிள்ளைகள் இளஞ்சிவப்பு உப்புக்கும், குஜராத்தி அக்கம்பக்கத்தாரைப் பார்த்து சேந்தா நமக் என்கிற இந்துப்புக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். விலை பல மடங்கு; அயோடின் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. பாக்கெட்டில் சிரித்த முகம் போட்ட சூரியன் சின்னம் இருக்கிறதா பாருங்கள், டப்பாவை மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உப்பைக் கூட்டச் சொல்லவில்லை. ரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். போடுகிற கொஞ்ச உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்கு மும்பையில் இளம் வயதினருக்கு வருகிற தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் உப்பு அல்ல. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்குவதுதான். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய். எட்டு நகர ஆய்வில் இதற்கு அடையாளமான எதிர்ப்புப் புரதம் 21.85 சதவீதம் பேரிடம் இருந்தது. குடும்பத்தில் ஓடுகிற நோய். அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்தால் பெண் விழிப்பாக இருக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள் அயோடின் உப்பைக் கூட்டியும் பயனில்லை, நிறுத்தியும் பயனில்லை. தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸையும் நிறுத்த வேண்டாம். வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இனி நான் மிகவும் வருத்தப்படுகிற இடம். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஐந்தாறு மாதம், கர்ப்பம் எட்டாவது வாரம். கல்லூரி நாளிலிருந்தே தைராய்டு மாத்திரை சாப்பிட்டவள். பெண் பார்க்க வந்தபோது சொல்லவில்லை. கல்யாணத்தின்போது அவள் அம்மா மாத்திரைகளை வைட்டமின் டப்பா ஒன்றில் கொட்டி, "யாராச்சும் கேட்டா முடிக்குன்னு சொல்லு" என்று கொடுத்தனுப்பியிருக்கிறார். புகுந்த வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கோலி, ஒரே அறை, ஐந்து பேர். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு அரைமணி நேரம் சாய் குடிக்காமல் இருந்தால் மாமியார் கேட்காமல் இருப்பாரா? ஒரு நாள் விட்டாள், ஒரு வாரம் விட்டாள், பிறகு மொத்தமாக விட்டுவிட்டாள். டிஎஸ்எச் எங்கேயோ போயிருந்தது.

முதல் மூன்று மாதத்தில் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் செய்யத் தெரியாது. அதன் மூளை வளர்வது அம்மாவின் ஹார்மோனில். கருத்தரித்தால் மாத்திரையின் அளவைச் சுமார் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கூட்ட வேண்டி வரும். இவளோ பூஜ்யத்தில் இருந்தாள். மறுநாளே புருஷனையும் மாமியாரையும் வரவழைத்துப் பேசினேன். மாமியார் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கா மறைச்சா?" குழந்தை நன்றாகப் பிறந்தது. எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடுவதில்லை.

இங்கே வந்திருக்கிற அம்மாமாருக்குச் சொல்கிறேன். தினமும் ஒரு சின்ன மாத்திரை சாப்பிட்டால் உங்கள் பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். ஜாதகத்தைக் காட்டுகிறவர்கள் இதையும் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால், எதற்கு வேண்டாம் என்கிற வீடு அது என்று முன்கூட்டியே தெரிந்தது உங்களுக்கு லாபம்.

மேஜையைத் தட்டி "எல்லோருக்கும், விதிவிலக்கே இல்லாமல்" என்று நான் கேட்கிற தைராய்டுப் பரிசோதனை ஒன்றே ஒன்று. அது பிறந்த குழந்தைக்கு. மும்பையில் முன்பு நடந்த ஓர் ஆய்வில் 2,640 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைவு இருந்தது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது 1,130-க்கு ஒன்று, தென்னிந்தியாவில் அதைவிட அதிகம். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகும். விட்டுவிட்டால் புத்தி வளர்ச்சி குன்றும், பிற்பாடு எந்த மருந்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது. நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது தானாக நடப்பதில்லை. அடுத்த சில வருஷங்களில் அப்பா அம்மா ஆகப்போகிறவர்கள் நீங்கள். பிரசவ வார்டில் வாய்விட்டுக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் மட்டும் ஏன் கையைக் கட்டுகிறேன்? தென்கொரியாவில் நடந்ததால். அங்கே பொதுப் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனையும் மலிவாகச் சேர்த்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள். அந்த நோயில் இறந்தவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்திராத பொடிக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து ஆயுளுக்கும் மாத்திரைக்காரர்கள் ஆனார்கள். 2014-இல் மருத்துவர்களே எழுந்து எதிர்த்த பிறகுதான் அறுவை குறைந்தது. அறிகுறி இல்லாதவர் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2017-இல் அதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அறிகுறி இல்லாதவர்களுக்கு டிஎஸ்எச் பார்ப்பதில் பயன் உண்டா என்று தீர்ப்புச் சொல்லச் சான்று போதாது என்பது அதே குழுவின் 2015-ஆம் ஆண்டு முடிவு.

அப்படியானால் யார் பார்க்க வேண்டும்? நான் முன்பு சொன்ன அறிகுறிகள் கூட்டாக உள்ளவர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ தைராய்டு நோய் உள்ளவர்கள். முதல் வகைச் சர்க்கரை நோயோ வெண்புள்ளியோ இருப்பவர்கள். கழுத்தில் வீக்கம் தெரிகிறவர்கள். பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள், கரு தங்காதவர்கள், கர்ப்பம் உறுதியான பெண்கள். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கப்போகிறவர்களும் ஒருமுறை பார்த்துவிடலாம். முதலில் டிஎஸ்எச் மட்டும் போதும். அது பிசகினால்தான் மற்றவை. கையில் காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ராஜாவாடி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, புறநோயாளிப் பிரிவில் கேளுங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் நடக்கிற கூத்து தனி. டிஎஸ்எச் 5.8, டி4 சரியாக இருக்கிறது. சின்ன வயசு, கர்ப்பம் இல்லை, தொந்தரவு இல்லை. இந்த எண்ணுக்கு உடனே மாத்திரை வேண்டியதில்லை. காய்ச்சல் வந்து தேறியிருந்தால்கூட ஏறும். காலையில் எடுத்தால் ஒன்று, மதியம் எடுத்தால் ஒன்று. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில், முடிந்தால் அதே லேபில் மறுபடி பாருங்கள். பலருக்குத் தானாக இறங்கிவிடும். பத்தைத் தாண்டினால் வேறு பேச்சு.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கை! பல லேப் இயந்திரங்கள் பயன்படுத்தும் வேதிமுறையில் பயோட்டினே ஒரு அங்கம். உங்கள் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். இல்லாத தைராய்டு மிகுதிக்கு மருந்து எழுதப்படும் அபாயம் இருக்கிறது. ரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன் அதை நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. எழுந்ததும் வெறும் தண்ணீரில், சாய்க்கும் காபிக்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் இதில்தான் தவறுகிறார்கள். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள், அதற்குள் பார்த்தால் எண் நிலைக்கு வந்திருக்காது. டிஎஸ்எச் நார்மல் ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மல் ஆனதே மாத்திரையால். விடிகாலை ஐந்து மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ராத்திரி படுக்கும்போது சாப்பிடலாம், கடைசிச் சாப்பாட்டுக்கும் அதற்கும் மூன்று மணி நேரம் இருந்தால் போதும். ஆனால் பதினொன்றரைக்கு வந்து சாப்பிட்டு பன்னிரண்டுக்குப் படுக்கிற வீட்டில் அது நடக்காது. அவர்கள் மாத்திரையைத் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலோடு வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் போட்டுவிட்டுக் குளிக்கப் போகட்டும். இனி உங்கள் கேள்விகள். பழைய அறிக்கைகள் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.